அவசரமில்லாத ஒரு கம்ப்யூட்டர்

ஜூன் 9, ஞாயிறு

மருந்துக் கம்பெனிக்காரர் எங்கள் லேபுக்குக் கொடுத்த டைரி இது. புத்தாண்டிலிருந்து அலமாரியில் கிடந்தது. முதல் ஐந்து மாதமும் வெள்ளையாகக் கிடக்க, நடுவிலிருந்து எழுதத் தொடங்குவது பின்வாசல் வழியாக ஒரு வீட்டுக்குள் நுழைவதுபோல இருக்கிறது.

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் திருமூர்த்தி சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"ரேணு, ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேணும்."

"அப்படின்னா?"

"விளையாடறதுக்குன்னே இருக்கறது."

பம்ப் கம்பெனியில் படம் வரைகிற வேலை அவருக்கு. "நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்கறீங்க?" என்றேன்.

"அங்க வெறும் போல்ட்டும் நட்டும்தான். இதுல மலை இருக்கு, காடு இருக்கு. சண்டை கிண்டை எல்லாம் போட வேண்டாம். ஒரு குதிரையைப் பிடிச்சு ஏறி, சும்மா போயிட்டே இருக்கலாம்."

"சரி, வாங்கிக்குங்க."

நான் மறுப்பேன் என்று நினைத்து நிறைய யோசித்து வைத்திருப்பார் போல. சொல்ல வழியில்லாமல் அப்படியே நின்றார். தோசை ஆறுகிறது என்றதும்தான் நகர்ந்தார்.

ஏன் ஒரு வார்த்தை கேட்காமல் சம்மதித்தேன் என்பதை இன்று எழுதப் போவதில்லை. ஹாலில் கிடந்த முக்காலியை எடுத்துப் பரண்மேல் போட்டேன். குளியலறைக் கதவை ஒன்று முழுக்கச் சாத்த வேண்டும், இல்லையென்றால் முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். பாதியில் விடக்கூடாது. எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

ஜூன் 12, புதன்

இப்போதெல்லாம் வேலை முடிந்ததும் நான்தான் ஸ்கூட்டரில் போய் அவரைக் கம்பெனி வாசலிலிருந்து கூட்டிவருகிறேன். அவர் பைக் கீழே உறை போட்டு நிற்கிறது. "வண்டி ரிப்பேருங்களா?" என்று வீட்டு ஓனர் அம்மா கேட்டார். ஆமாங்க என்றேன்.

கோவையில் காற்று தொடங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று. அவர் பின்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். பாதியைக் காற்று கொண்டுபோயிற்று. எனக்குக் கிடைத்த மீதி இது: ரெடிமேடாக ஷோரூமில் வாங்கலாம். மறுநாளே வீட்டுக்கு வந்துவிடும், செருகினால் ஓடும். இல்லையென்றால் ஒவ்வொரு பாகமாக வாங்கி நாமே கோக்கலாம். நாளாகும்.

"ரெடிமேட் சுடிதாருக்கும் துணி எடுத்துத் தைக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்" என்றேன்.

"அதேதான். ஆனா இதுல டெய்லரும் நாமதான்" என்று சிரித்தார். அவருடைய ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் இடித்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

காந்திபுரத்தில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். வாசலைத் தாண்டினால் எல்லாம் நீலமும் ஊதாவுமான வெளிச்சம். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் விசிறிகள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. மீன்தொட்டிகள் விற்கிற கடைக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றியது.

டை கட்டிய ஒரு பையன் பெரிய திரை ஒன்றைக் காட்டினான். வளைந்த திரை, ஒரு ஆள் நீளம். அதில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. "இது முன்னாடி உக்காந்தா உள்ளேயே இருக்கற மாதிரி இருக்கும் சார்."

அவர் பார்த்தார். ஓரடி பின்னால் போனார். இன்னும் கொஞ்சம். கடல் முழுவதும் கண்ணில் அடங்குகிற இடத்தைத் தேடித் தேடிப் பின்னால் போய், விசைப்பலகைகள் அடுக்கிய மேசையில் மோதினார். பெட்டிகள் சரிந்தன. ஒன்றும் உடையவில்லை. நானும் அந்தப் பையனும் பொறுக்கி அடுக்கினோம். கடை ரொம்ப நெரிசல்.

நான் ரெடிமேடையே எடுத்துவிடலாம் என்றேன். அவர் யோசிக்கலாம் என்றார். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம்.

ஜூன் 17, திங்கள்

காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் பக்கத்து மாடிக்குப் போய்விட்டது.

ஜூன் 20, வியாழன்

சண்டை. கல்யாணமாகி ஆறு வருடத்தில் இவ்வளவு மெதுவான குரலில் நாங்கள் சண்டை போட்டதில்லை.

அவருக்குப் பாகங்கள் வாங்கிக் கோக்கத்தான் ஆசை. அவர் கேட்கிற கிராபிக்ஸ் கார்டு, அதாவது படத்தைத் திரைக்கு அனுப்புகிற முக்கியமான பாகம், இப்போது எங்கும் இல்லையாம். வர ஒரு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

"ரெடிமேட் நாளைக்கே வரும்ங்க. எதுக்கு இப்படி நாளைக் கடத்தறீங்க?" என்றேன்.

"ஒரு மாசம்தானே."

"ஒரு மாசம் சும்மா போகுதுங்களே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவர் தண்ணீர் குடித்து, டம்ளரை மேசையின் நடுவில், விளிம்பிலிருந்து தள்ளி, கவனமாக வைத்தார்.

"ரேணு, அவசரமா வாங்கினா, நமக்கு அவசரம்னு ஆயிரும்."

குழம்பைச் சூடுபண்ணினேன்.

எழுதிவிடுகிறேன். மே மாதம் கண் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விழித்திரை ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அணைந்து வருகிறது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் தெளிவாக இருக்கிறது. அதுவும் வருடத்துக்கு வருடம் சிறிதாகும். எவ்வளவு காலம் என்று கேட்டதற்கு, ஒருவருக்குப் பத்து, ஒருவருக்கு முப்பது, முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒரு சாயங்காலம் நின்றுகொண்டிருந்த தள்ளுவண்டியில் அவர் பைக்கோடு போய் மோதியிராவிட்டால் இதுகூடத் தெரிந்திருக்காது.

"அப்பாவும் அம்மாவும் சொந்தமா?" என்று டாக்டர் கேட்டார். அம்மாவின் தாய்மாமன்தான் அப்பா என்றார் இவர். வெளியே வந்ததும் முதல் வார்த்தை, "இதை அம்மாகிட்டச் சொல்லக்கூடாது. தன்னாலதான்னு நெனச்சுக்கும்."

மலையையும் காட்டையும் எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அன்று சரி என்றேன். தெரிந்ததால்தான் நாளைக்கே வேண்டும் என்கிறேன்.

ஜூன் 21, வெள்ளி

விடியற்காலையில் ஒரு கனவு. எங்கள் வீடு நீளமாகிக்கொண்டே போகிறது. நான் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டு போகிறேன். அவர் எனக்கு முன்னால் குதிரையில், திரும்பிப் பார்க்காமல், சாவகாசமாகப் போய்க்கொண்டிருக்கிறார். கூப்பிட்டால் குதிரைதான் திரும்பிப் பார்க்கிறது.

லேபில் ஈ.சி.ஜி. காகிதம் தீர்ந்து வெறும் அட்டைக் குழல் கிடந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாகப் பார்த்தேன். சுவர்க்கடிகாரம் தெரிந்தது. ரிசப்ஷன் பெண் தெரியவில்லை, தேட வேண்டியிருந்தது. கண்டுபிடித்தபோது அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்று குழலைக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லி, நிஜாமுதீன் என்பவரின் கடைக்குப் போனோம். ஒரு வணிக வளாகத்தின் மாடியில் சின்ன அறை. வெளிச்ச வித்தை எதுவும் இல்லை. சுவர் நிறைய அட்டைப்பெட்டிகள், மேசைமேல் திருப்புளிகள், ஆறிப்போன டீ. ஐம்பது வயது இருக்கும் அவருக்கு.

இவர் ஒவ்வொரு பாகமாகச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். திரை வந்தபோது நிறுத்தினார்.

"எல்லாம் பெருசா கேக்கறீங்க, மானிட்டர் மட்டும் சின்னதா கேக்கறீங்களே? இந்த கார்டுக்குப் பெரிய திரை போட்டாத்தான தம்பி நல்லாருக்கும்?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன். அதற்குள் இவர், "எனக்கு நடுவுல மட்டும்தாங்கண்ணா தெரியும். ஓரம் தெரியாது. பெருசா இருந்தா பாதிப் படம் போயிரும்" என்றார். சட்டை அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

நிஜாமுதீன் ஐயோ என்று சொல்லவில்லை. தாடையைத் தடவினார். "அப்ப இருபத்தி நாலு இன்ச்சே போதும். கொஞ்சம் தள்ளி வெச்சுக்கங்க. இருட்டுல எப்படி?"

"இருட்டுல சுத்தமா தெரியாதுங்க."

"அப்படின்னா வெளிச்சம் நல்லா ஏத்தற மாதிரி, கருப்பு கருப்பா தெரியற மாதிரி ஒண்ணு எடுத்துத் தர்றேன். கேபினெட் வெள்ளையில எடுங்க. கருப்புப் பொட்டிக்குள்ள கருப்பு ஒயரு உங்களுக்குச் சிரமம்."

அவ்வளவுதான். அடுத்து பவர் சப்ளைக்குப் போய்விட்டார்கள்.

நான் வராந்தாவுக்கு வந்து நின்றேன். கீழே பேருந்துகள் திரும்பிக்கொண்டிருந்தன. இரண்டு மாதமாக என் நெஞ்சில் கிடந்தது, மேசைமேல் ஒரு திருப்புளியோடு திருப்புளியாக வைக்கப்பட்டுவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன். பசிதான் வந்தது.

இறங்கும்போது படிக்கட்டு இருட்டாக இருந்தது. அவரே என் தோளில் கை வைத்துக்கொண்டார். இதுவரை வைத்ததில்லை.

ஜூலை 4, வியாழன்

ஆபீசில் மேனேஜரிடமும் சொல்லிவிட்டாராம். "பாத்துக்கலாம் மூர்த்தி" என்றாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று பேசிக்கொண்டே வந்தோம். பாத்துக்கலாம் என்றுதான் அர்த்தம் என்று முடிவு செய்தோம்.

ஜூலை 7, ஞாயிறு

கிராபிக்ஸ் கார்டு தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டது. கட்டில்மேல் பழைய வெள்ளை வேட்டியை விரித்துப் பரப்பி வைத்திருக்கிறார். மத்தியானம் முழுவதும், மற்ற பாகங்களெல்லாம் வந்து செருகுகிற மதர்போர்டுப் பலகையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்த்தால் ஒரு ஊர்போலவே இருக்கிறது. வீதிகள், குளங்கள், வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள். "இது பஸ் ஸ்டாண்ட்", "இது தண்ணித் தொட்டி" என்று எனக்குக் காட்டினார். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி விரலால் தடவினார். மறுபடி பார்த்தார். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு விசிறி சுற்றுவதைப் பார்த்தேன்.

உடுமலையிலிருந்து அவருடைய அம்மா, என் அத்தை, போன் செய்தார்.

"ஏன் அம்மணி, அவன் ஊருப்பக்கம் வந்து எத்தனை மாசமாச்சு?"

"வேலை அதிகங்க அத்தை. இப்ப கம்ப்யூட்டர் ஒண்ணு கோக்கறாருங்க. விளையாடறதுக்கு."

"விளையாடறதுக்கா?" அத்தை சிரித்தார். "சின்னதுல விளையாடவே மாட்டான். மத்த பசங்கெல்லாம் பொழுது உழுந்தும் தெருவுல கெடக்கும். இவன் வெளிச்சம் இருக்கையிலயே வூட்டுக்கு வந்து உக்காந்துக்குவான். நான் கூப்பிட்டதே இல்ல. அப்படியொரு சொன்னபடி கேக்கற புள்ள. இப்பவாவது விளையாடட்டும்."

போனை வைத்த பிறகும் அதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும்.

ஜூலை 13, சனி

லேபில் கூட்டம். காய்ச்சல் சீசன். ஒரு சின்னப் பெண் ஊசிக்கு அழாமல் என் வளையலை எண்ணினாள்.

ஜூலை 20, சனி

கார்டு வந்துவிட்டது. நிஜாமுதீன் அண்ணனே கொண்டுவந்து கொடுத்தார். டீ குடித்தார். "நான் கோத்துத் தந்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். இவர் வேண்டாம் என்றார். நிஜாம் அண்ணனுக்கும் அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

காலைச் சாப்பாடு முடிந்ததும் தொடங்கினார். ஜன்னல்கள் எல்லாம் திறந்து, இருக்கிற விளக்கையெல்லாம் போட்டு.

கையில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரிகிறது. மயிரிழை போன்ற ஊசிக்கால்களைக்கூட நான் பார்ப்பதற்குள் சொல்லிவிடுகிறார். ஆனால் கைக்குப் பக்கத்தில் இருப்பது தெரிவதில்லை. ஒரு திருகாணி விழுந்தது. நான் குனியப் போனேன். "இரு" என்றார். விழுந்த சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, தரையை வரிசை வரிசையாக, வயல் உழுவதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தார். நாற்காலிக் காலருகே கண்டுபிடித்தார். எனக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. வாயைத் திறக்காமல் இருப்பதற்குப் பக்கத்திலிருந்த டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சுவிட்சைப் போட்டார். விசிறிகள் சுற்றின, உள்ளே விளக்கு எரிந்தது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தார். கருப்பு.

நான் போனை எடுத்தேன். "நிஜாம் அண்ணனைக் கூப்பிடலாங்களா? இல்ல, அந்த ஷோரூம்ல..."

"நாளைக்குப் பாக்கலாம். வெளிச்சம் போயிருச்சு" என்று கை கழுவப் போனார்.

அவர் நன்றாகத் தூங்கினார்.

ஜூலை 22, திங்கள்

அவர் இன்று லீவு போட்டார். நானும் ஒரு வேளைக்குப் போகவில்லை. பெட்டியைப் படுக்க வைத்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி மாட்டினார். கடைசியில் ரேமுக்கு வந்தார். பட்டை போல இருக்கிறது, இரண்டு துண்டு.

"இதுதான் சரியா உக்காரல போல. நீ அந்தப் பக்கம் அழுத்து, நான் இந்தப் பக்கம்."

தொட்டேன். உடைந்துவிடும்போல இருந்தது. லேசாகத் தள்ளினேன்.

"அழுத்து ரேணு."

"உடைஞ்சுருங்க."

"உடையாது. நீ பயந்து பயந்து தொடறே." கொஞ்சம் நிறுத்தினார். "கொஞ்ச நாளா என்னையும் அப்படித்தான் தொடறே."

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பி என்னைத் தன் வட்டத்துக்குள் கொண்டுவந்தார்.

"முக்காலியைக் காணோம். பரண்ல இருக்குன்னு தெரியும். கதவெல்லாம் சாத்தியே இருக்குது. எனக்கு உதவிதான், இல்லைங்கல. ஆனா வூட்டுல நடக்கறப்ப, யாரோ செத்துப் போன வூட்டுல நடக்கற மாதிரி இருக்குது."

இரண்டு கட்டைவிரலையும் வைத்து, இருக்கிற பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம். அவர் பக்கமும் ஒரு டக்.

திரையில் வெளிச்சம் வந்தது. முதலில் வெறும் வெள்ளை எழுத்துகள்தான். இரண்டு பேரும் அதையே ஏதோ பெரிய காட்சிபோலப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவர் என்னைப் பிடித்து இழுத்தார். என் முழங்கை மேசையில் இடித்தது. இன்னும் வலிக்கிறது.

மத்தியானம் முக்காலியை இறக்கினேன். அதற்கென்று ஒரு இடம் பேசி முடிவு செய்து வைத்தோம்.

ஜூலை 25, வியாழன்

விளையாட்டு இன்டர்நெட்டிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. எங்கள் லைனுக்கு அது இரண்டு நாள் வேலையாம். முழு உலகம் இறங்குகிறதல்லவா, நேரம் எடுக்கத்தான் செய்யும் என்கிறார்.

அவரே அத்தைக்குப் போன் செய்து, ஆடி முடிவதற்குள் ஊருக்கு வருவதாகவும், நேரில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். அத்தை வேறு ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துவிட்டார் போல. என்னிடம் குரலைத் தாழ்த்தி, "உடம்பைப் பாத்துக்க அம்மணி" என்றார். போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

காலை வேலைகளை முடித்துவிட்டுத் திரைச்சீலைகளை இழுத்துவிட்டோம். காற்றில் அவை மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கின. அவர் திரையிலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்தார். நான் கதவோரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

புல்வெளி வந்தது. ஒரு ஆள், ஒரு குதிரை. தூரத்தில் மலை. யாரும் எதுவும் சொல்லவில்லை, எங்கே போக வேண்டும் என்றும் இல்லை. அவர் போனார். ஒரு ஓடையைத் தாண்டினார். நாணல்கள் குதிரையின் வயிற்றை உரசின. நான் துணி மடிப்பதை எப்போது நிறுத்தினேன் என்று தெரியாது.

பிறகு அந்த உலகத்தில் பொழுது சாயத் தொடங்கியது. மலை சிவந்து, புல் கருத்துக்கொண்டு வந்தது. அவர் முதுகு விறைத்தது. ஒரு கை தானாகவே மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் இருக்கையில் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று குதிரையைத் திருப்பக்கூடச் செய்தார்.

"நிறுத்திக்கலாங்களா?" என்றேன்.

"இரு." செட்டிங்ஸில் எங்கேயோ போய் எதையோ ஏற்றினார். திரையின் வெளிச்சம் கூடியது. கூடிக்கொண்டே போயிற்று. இரவு இரவாகவே இருந்தது, ஆனால் ஒவ்வொரு புல்லும் தெரிந்தது. "தெரியுது" என்றார். குதிரையை நடக்கவிட்டார். சின்னக் குன்று ஒன்றின் மேல் ஏறி நிறுத்தி, பார்வையை மெதுவாக மேலே தூக்கினார்.

திரையை நோக்கி லேசாகக் குனிந்தார்.

"இது என்ன ரேணு?"

"எதுங்க?"

"இந்தப் பொடிப்பொடியா."

"நட்சத்திரம்தாங்க."

"இத்தனையா?"

எழுந்து அவர் பக்கத்தில் போனேன். அவர் கண்ணெடுக்காமல் பேசினார். "மொட்டை மாடியில படுத்துட்டு எல்லாரும் கை காட்டுவாங்க. நானும் காட்டுவேன். நிலா மாதிரி பெருசா ஒண்ணோ ரெண்டோ இருக்குதாட்ட இருக்கு, எனக்குத்தான் எந்தப் பக்கம்னு தெரியலன்னு நெனப்பேன். எண்ண முடியாதுன்னு புஸ்தகத்துல போட்டிருப்பாங்க. அதை ஒரு பேச்சுக்குச் சொல்றாங்கன்னு விட்டுட்டேன். படத்துல வரைஞ்சிருந்தா, அழகுக்கு வரையறாங்கன்னு." மூச்சு விட்டார். "இத்தனை வருசமா இதெல்லாம் மேல இருந்துச்சா?"

தலையாட்டினேன். தலையாட்டினால் அவருக்குத் தெரியாதே என்று, "இருந்துச்சுங்க" என்றேன்.

"தெனமும் இப்படித்தான் பாக்கறியா நீ?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"இல்லைங்க. நான் பொறந்து வளந்ததெல்லாம் சிங்காநல்லூர்தானே. தெரு லைட்டு வெளிச்சத்துல அங்கொண்ணு இங்கொண்ணுதான் தெரியும். இப்படி நெறைஞ்சு கெடக்கறத நானும் பாத்ததில்ல."

அவர் திரும்பினார். என் முகத்தைத் தேடிப் பிடித்தார்.

"அப்ப நீயும் இப்பத்தான் பாக்கறே."

"ஆமாங்க."

"இக்கட்ட வா. அங்கிருந்து பாத்தா சரியா தெரியாது."

நகர்ந்து இடம் விட்டார். ஒரே நாற்காலியில் பாதிப் பாதியாக உட்கார்ந்தோம். அவர் வானத்தை மெதுவாகத் திருப்பினார், நான் பார்த்தேன். நான் ஒரு பக்கம் காட்டினேன், அவர் அந்தப் பக்கம் போனார். குதிரை கீழே புல் மேய்ந்துகொண்டிருந்தது.

அங்கே விடிந்தபோது, எங்கள் திரைச்சீலை ஓரத்தில் மாலை வெயில் மஞ்சளாக நின்றது. இரண்டு பேரும் மத்தியானம் சாப்பிடவே இல்லை.